முட்டை வாங்கிய பிள்ளை

செந்தூலில் காலைப் பசியாற உணவுக்கடையில் உட்கார்ந்து ‘ரொட்டி தெலூர்’ என்றால், சற்று நேரத்தில் முட்டை ரொட்டி மேசைக்கு வந்துவிடும். மலாயில் தெலூர், தமிழில் முட்டை. ஆனால் இந்த இரண்டு சொற்களும் சாப்பாட்டு மேசையோடு நிற்பதில்லை.

தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத பிள்ளையை ‘முட்டை வாங்கிவிட்டான்’ என்கிறோம். மலாய்க்காரரும் அதைத் ‘தெலூர்’ என்றே சொல்கின்றனர். கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்காமல் வெளியேறுபவரை ‘டக்’ என்பதும் ‘வாத்து முட்டை’ என்ற ஆங்கில வழக்கின் சுருக்கம்தான். சுழியத்தின் வடிவம் மூன்று மொழியினருக்கும் ஒரே பொருளை நினைவூட்டியிருக்கிறது!

தமிழில் இச்சொல் மிகப் பழையது. பாறையில் மயில் இட்ட முட்டையைக் குரங்குக் குட்டி உருட்டி விளையாடுவதைக் குறுந்தொகையில் கபிலர் பாடியிருக்கிறார். மலையாளத்தில் ‘முட்ட’, கன்னடத்தில் ‘மொட்டெ’ என இன்றும் உறவு தெரிகிறது. செந்தூல் ரயில்வே பட்டறையை நம்பி இங்கு வந்து குடியேறிய தமிழருக்கும் மலையாளிகளுக்கும் இந்தச் சொல்லில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

சொல் வளர வளரப் பொருளும் பெருகியது. சாணத்தைத் தட்டிக் காயவைத்தால் எருமுட்டை. உருண்டு திரண்ட கீரை முட்டைக்கோஸ். பிதுங்கிய விழி முட்டைக்கண். அழுகிப்போன கூமுட்டை, அறிவில்லாதவனைத் திட்டும் சொல்லாயிற்று. வடமொழியிலிருந்து வந்த ‘அண்டம்’ என்ற சொல்லுக்கு முட்டை என்றும் பொருள், பிரபஞ்சம் என்றும் பொருள். ஏளனத்துக்கும் அதே உருவம், உலகத்துக்கும் அதே உருவம்!

இனி, ‘பள்ளியில் முட்டை வாங்கினான்’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அது வசை. தமிழகத்தில் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தச் சத்துணவோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998இல் வாரம் ஒன்றானது. 2010இல் வாரம் 5 ஆனது. நாமக்கல் பண்ணைகளின் முட்டை ஏழைப் பிள்ளையின் தட்டுக்கு வந்தது. பள்ளியில் முட்டை வாங்கினான் என்று ஒரு தாய் மகிழ்ச்சியோடு சொல்லும் நாளும் வந்தது.

வாக்கியம் மாறவில்லை. பிள்ளையைப் பார்க்கும் பார்வைதான் மாறியது. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்த முட்டை.

செந்தூலானாலும் சேலமானாலும், மதிப்பெண் அட்டையில் முட்டையைக் கண்டதும் ‘கூமுட்டை’ என்று வாய் திறப்பதற்கு முன், பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றைக் கேட்கட்டும்: ‘இன்று பசியாறினாயா?’ அழுகிய முட்டையில் குஞ்சு பொரிக்காது, உண்மைதான். ஆனால் அழுகியதா, அடைகாப்பதற்கு ஆளில்லாமல் கிடக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்தாம்.