உறங்கும் கட்டளைகள்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் நெல்வயல்கள் பரந்து கிடந்த காலம் ஒன்றுண்டு. 1972ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை அங்கேதான் நிறுவிற்று. அதே நிறுவனம் 1978ஆம் ஆண்டில் 8086 என்னும் செயலியை வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்களாய் வந்த செயலிகள் பழைய வழக்கமொன்றைக் கைவிடவே இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் அவை 8086ஆகவே கண்விழிக்கின்றன. பின்னரே தம் முழு ஆற்றலுக்கு மாறுகின்றன. பழைய நிரல் ஏதேனும் இயங்காமற் போய்விடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். ஜார்ஜ் டவுன் வீடொன்றில் பாட்டி அரைத்த அம்மியை அகற்றப் பெயர்த்தி தயங்குவது போன்றதே இது.

ஆயின், அம்மி தானே உருண்டு வந்து எவர் காலிலும் விழுவதில்லை. பயன்படாத நிரற்பகுதி அத்தகையதன்று. தேவை உண்டா, இல்லையா எனக் கணிப்பொறி ஆராய்வதில்லை. வழி திறந்திருந்தால் கட்டளையை நிறைவேற்றிவிடும்.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 விண்கலஊர்தி முதன்முறையாக எழும்பிற்று. அதன் திசையறி கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதில் ஒரு பகுதி, ஊர்தி தரையில் நிற்கும்போது கருவியை நேர்ப்படுத்துவதற்கு உரியது. எழும்பிய பின் அதன் கணக்கிற்குப் பொருளே இல்லை. எனினும், கடைசி நொடிகளில் ஏவுதல் தடைப்பட்டால் நேர்ப்படுத்தலை முதலிலிருந்து தொடங்கும் நெடுநேர வேலையைத் தவிர்க்கும்பொருட்டு, எழும்பிய பின்னும் அது ஏறத்தாழ 40 நொடிகள் இயங்குமாறு ஏரியான் 4இல் அமைத்திருந்தனர். அவ்வசதி 1989ஆம் ஆண்டில் ஒரே ஒருமுறை பயன்பட்டது. புதிய ஊர்திக்கோ அது தேவைப்படவே இல்லை. நன்றாக இயங்கும் ஒன்றை ஏன் தொடுவானேன் என விட்டுவிட்டனர் போலும்!

ஏரியான் 5இன் கிடைவேகம் பழைய ஊர்தியினும் மிகுதி. அதனால் பெருகிய எண் ஒன்று, 32,767க்கு மேல் கொள்ளாத இடத்தில் அடங்காது போயிற்று. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் இரண்டும் செயலிழந்தன. நாற்பது நொடிக்குள் ஊர்தி சிதறிற்று. அது சுமந்து சென்ற கிளஸ்டர் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் முதற் பரிந்துரை, எழும்பியவுடன் நேர்ப்படுத்தும் பணியை நிறுத்துக என்பதாம். பறக்கும்போது தேவைப்படாத எந்த நிரற்பணியும் இயங்கலாகாது என்றும் அது சேர்த்துரைத்தது.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் அழித்துவிடலாமே எனில், எதை அழிப்பது? எவராலும் அழைக்கப்படாத பகுதியைச் சுட்டிக்காட்டும் கருவிகள் உண்டு. ஆண்டிறுதிக் கணக்கிற்காக ஒருநாள் மட்டும் அழைக்கப்படும் பகுதியும், பிறர் எழுதிய நிரலிலிருந்து மறைமுகமாக அழைக்கப்படுவதும் அக்கருவிகளின் கண்ணுக்குத் தப்புதல் கூடும். அரைகுறையாக அகற்றுவதோ இன்னும் தீது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனம் புதிய நிரலை இயக்கியது. 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாடு நின்ற ஒரு பழைய பகுதிக்குரிய குறியீட்டையே புதிய நிரலும் ஏற்றிருந்தது. எட்டுக் கணிப்பொறிகளுள் ஏழில் பழையது மாற்றப்பட்டது, எட்டாவது விடுபட்டது. உறங்கிக் கிடந்த கட்டளை அங்கே விழித்துக்கொண்டு, ஓயாது பங்குகளை வாங்கியும் விற்றும் வந்தது. 45 நிமிடங்களில் தொடுத்த வணிகம், 46 கோடி டாலருக்கு மேல் நட்டத்தில் முடிந்தது.

2023ஆம் ஆண்டு மே திங்களில் இண்டெல், செயலிகளின் பழைய நிலைகளை நீக்கிவிடும் திட்டமொன்றை முன்வைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அச்செயலிகள் பொருத்திய கணிப்பொறிகள் இன்றும் 8086ஆகவே கண்விழிக்கின்றன.