வைரஸ் மறுப்புவாதம்

வைரஸ் மறுப்புவாதம்: வைரஸ் என்பது உண்டென்பதையோ, உண்டாயினும் அது வியாதிக்குக் காரணம் என்பதையோ ஏற்காத அபிப்பிராயங்களின் பொதுப்பெயர். வைரஸ் அறியப்படுமுன்னரே நோய்க்கிருமிக் கொள்கைக்கு எழுந்த ஆட்சேபங்களிலிருந்து இது கிளைத்தது.

தோற்றம்: நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்னும் அக்கொள்கையை நிலைநாட்டியவருள் ஒருவரான லூயி பாஸ்டரின் சமகாலத்தவரான பிரெஞ்சு ரசாயன அறிஞர் அந்துவான் பேஷாம் (1816–1908), உடலில் இயல்பாகவே உள்ள 'மைக்ரோசைமா' என்னும் நுண்துகள்களே உடல்நிலை கெடுங்கால் கிருமிகளாக மாறுகின்றன என்றார். பிற்கால மறுப்பாளர் பலர் இவரையே மூலபுருஷராகக் கொள்வர்.

மூனிச் பரிசோதனை: காலராவை விளைவிக்கக் கிருமி மட்டும் போதாது, அத்துடன் நிலத்தின் தன்மையும் மனிதனின் தேகநிலையும் கூடவேண்டும் என்று நெடுங்காலம் வாதித்தவர், மூனிச் நகரத்துச் சுகாதாரப் பேராசிரியர் மாக்ஸ் பெட்டன்கோஃபர். ஜெர்மானியக் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோச் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து அறிவித்த கிருமியை இவர் மறுக்கவில்லை. அதன் தனிவல்லமையையே மறுத்தார். 1892 அக்டோபர் 7 அன்று, எழுபத்துமூன்று வயதான அவர், இரைப்பையின் அமிலமே கிருமியைக் கொன்றுவிட்டது என்று எவரும் பின்னர் சொல்லாதபடி சோடா உப்பு கலந்த நீரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கன சென்டிமீட்டர் காலராக் கிருமிக் குழம்பைச் சாட்சிகள் முன்னிலையில் குடித்தார். சில நாள் வயிற்றுப்போக்கோடு அவர் தப்பினார். சில நாட்களுக்குப்பின் அவ்வாறே குடித்த அவருடைய சீடர் எம்மெரிக் சற்றுக் கடுமையாக நோயுற்று மீண்டார். குழம்பு வேண்டுமென்றே வலிமை குறைத்து அனுப்பப்பட்டது என்பாரும், பெட்டன்கோஃபருக்கு முன்பே காலரா கண்டிருந்ததால் எதிர்ப்புச்சக்தி இருந்தது என்பாரும் உளர். எதுவும் திட்டமாக நிரூபணமாகவில்லை. அவ்வாண்டே ஹாம்பர்க்கில் 8,600 பேர் காலராவால் மடிய, எல்பே நதிநீரை மணலில் வடித்துப் பருகிய பக்கத்து ஊராகிய ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது கோச்சின் தரப்புக்கு வலுவூட்டிற்று. எனினும் மூனிச்சுக்குத் தூய நீரும் சாக்கடை வசதியும் கிடைக்கப் பெட்டன்கோஃபரே பெரிதும் காரணமானவர் என்பது எத்தரப்பினரும் ஒப்புவது.

வைரஸ்: புகையிலைத் தேமல்நோயின் காரணம், சாதாரணக் கிருமிகளைத் தடுக்கும் நுண்வடிகட்டியையும் கடந்து செல்வதை ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி அதே 1892-இல் வெளியிட்டார்; 1939-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவ்வைரஸைப் படமாகக் காட்டியது.

எய்ட்ஸ்: 1987-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் டியூஸ்பெர்க், எய்ட்ஸுக்குக் காரணமெனப்படும் எச்.ஐ.வி. வைரஸ் உண்டு, ஆயின் தீங்கற்றது என்றார். வேறு சிலர் அதன் இருப்பையே மறுத்தனர். தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி இவ்வாதங்களுக்குச் செவிசாய்த்தமையால் மருந்து வழங்கல் தாமதமாகி, 2000–2005 காலத்தில் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் வீணே போயின என்று 2008-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு மதிப்பிட்டது.

அண்மைக் காலம்: தட்டம்மை வைரஸ் உண்டென நிரூபிப்போர்க்கு ஒரு லட்சம் யூரோ தருவதாக 2011-இல் அறிவித்த ஜெர்மானியர் ஸ்டெஃபான் லாங்கா, கீழ்நீதிமன்றத்தில் தோற்று 2016-இல் மேல்முறையீட்டில் வென்றார்; பரிசு நிபந்தனைப்படி ஒரே கட்டுரையில் நிரூபணம் அளிக்கப்படவில்லை என்பதே காரணம், வைரஸ் இல்லை என்பதன்று. கோவிட் பரவிய 2020 முதல், வைரஸ் முறையாகப் பிரித்தெடுக்கப்படவில்லை என்னும் பழைய ஆட்சேபமே மீண்டும் பல நாடுகளில் எழுந்துள்ளது.