அக்கியும் அதன் மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித குலத்தை வருத்தும் நோய்களுட் சில வந்த வழியே போவன. சில உடலிலே தங்கி, மறைந்திருந்து, மீண்டும் தலைகாட்டுவன. பின்னைய வகையைச் சேர்ந்தது அக்கி. ஊர்ந்து செல்வது என்னும் பொருள்படக் கிரேக்கர் இதனை ‘ஹேர்பீஸ்’ என்றனர். இப்பெயர் பூண்ட வைரசுக் குடும்பத்திலே மூன்று நமக்கு முக்கியமானவை. பெரும்பாலும் வாயோரத்திற் கொப்புளம் எழுப்புவது ஒன்று. மறைவிடத்திற் புண் செய்வது மற்றொன்று. கொப்புளிப்பானாக வந்து, பல்லாண்டு கழிந்தபின் உடலின் ஒரு பக்கத்திலே பட்டைபோலப் படரும் அக்கியாக வெளிப்படுவது மூன்றாவது. இவற்றுக்கு உண்ணும் மருந்து கிடைத்த வரலாற்றையும், அதனைத் தீங்கின்றி உண்ணும் முறை அவ்வரலாற்றினின்றே பெறப்படுமாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்திலே குயவர் காவிமண்ணைக் குழைத்து, நோயுற்றார் மேனியிற் சிங்கம் முதலிய உருவங்களை வரைவது வழக்கம். ‘அக்கி எழுதுதல்’ என்பது அதன் பெயர். நோய் தணிந்ததும் புகழ் காவிக்குச் சென்றது. ஆனால் உடல்வலிமை உடையாரிடத்து அக்கிக் கொப்புளங்கள் எம்மருந்துமின்றியே இரண்டு முதல் நான்கு வாரங்களில் உலர்ந்துவிடும். தானே தணியும் நோய்க்கு எம்மருந்தும் நன்மருந்தாகவே தோன்றும். எனவே ஒரு மருந்தின் உண்மை ஆற்றலை அறிய, மருந்து உண்டாரையும் உண்ணாதாரையும் ஒப்புநோக்கும் முறை வேண்டப்பட்டது.

நோயின் இயல்பு மெல்லவே விளங்கியது. அக்கி கண்டவர் இல்லத்துச் சிறார்க்குக் கொப்புளிப்பான் தொற்றுவதை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே புடாபெஸ்ட் நகரத்து வைத்தியர் பொக்காய் நோக்கினார். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் குடும்ப வைத்தியராய் இருந்த ஹோப்–சிம்சன், தம்மிடம் வந்த நோயாளரை நெடுங்காலம் குறித்து வைத்து, 1965இல் தம் கருத்தை வெளியிட்டார். கொப்புளிப்பான் வைரசு உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுக்களில் உறங்கி, உடலின் காப்பு வலிமை குன்றும்போது விழிக்கிறது என்பதே அக்கருத்து. பிற்கால ஆராய்ச்சிகள் அதனை உறுதி செய்தன.

வைரசு தனித்து இயங்குவதன்று; நம் உயிரணுவினுட் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே பெருகுவது. ஆகவே வைரசை அழிக்கும் மருந்து உயிரணுவையும் அழிக்குமென்றே அறிஞர் பலர் கருதினர். 1959இல் வில்லியம் புரூசொவ் ஆக்கிய ஐடொக்சியூரிடின் கண்ணிற் படர்ந்த நோய்க்கு 1962 முதற் பயன்பட்டதாயினும், நச்சுத்தன்மை காரணமாக உண்ணும் மருந்தாகவில்லை.

இத்தடையைக் கடந்தது கெர்த்துரூட் எலியன் அம்மையாரின் ஆய்வுக் குழு. 1918இல் நியூயோர்க்கிற் பிறந்த இவர், சிறிது காலம் உயர்நிலைப் பள்ளியிலே இரசாயனமும் பௌதிகமும் கற்பித்தவர். 1944இல் பறோஸ் வெல்கம் நிறுவனத்திற் சேர்ந்தார். பகல்முழுதும் கல்லூரியிலிருந்து கற்க வேண்டும் என்ற நிபந்தனையினால் கலாநிதிப் பட்டப் படிப்பைக் கைவிட்டார். எனினும் 1988இல் நோபற் பரிசு பெற்றார். அந்நிறுவனத்தில் ஹவார்ட் ஷேபர் 1974இல் ஆக்கிய அசைக்ளோவிரின் செயல்முறையை எலியன் குழுவினர் விளக்கினர். மரபுப் பொருளின் உறுப்பொன்றைப் போன்ற தோற்றமுடைய இம்மருந்து, வைரசுக்கே உரிய நொதியமொன்று தீண்டிய பின்னரே செயல்படத் தொடங்கும். பின் வைரசின் மரபுச் சங்கிலியிற் புகுந்து, அது மேலும் நீளாவண்ணம் முறித்துவிடும். நோயற்ற உயிரணுவில் அது பெரும்பாலும் வாளாவிருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி பகைவன் கையிலேயே இருப்பதுபோன்ற விந்தை இது.

நோயாளியின் நிலை, நோயின் நிலை, வேளை ஆகியவற்றை எண்ணியே மருத்துவன் செயற்படுதல் வேண்டுமெனத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது. இப்புது மருந்துக்கும் அவ்வறிவுரை முற்றும் பொருந்தும்.

முதலாவது, வேளை. பெருகும் வைரசையே இம்மருந்து தடுக்கும்; உறங்கும் வைரசைத் தீண்டாது. ஆதலால் அக்கி தோன்றி 72 மணி நேரத்துள் தொடங்குதல் நன்று. கல்லடிப் பாலம் 1924இல் அமைவதற்கு முன், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடா மக்கள் மட்டக்களப்பு நகர் சேர வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இன்று வழி தடையன்று. நாணமும், ‘பார்க்கலாம்’ என்னும் எண்ணமுமே தடை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் கண்ணுக்கு ஊறு நேரலாம். அன்றே வைத்தியரை நாடல் வேண்டும்.

இரண்டாவது, நோயின் நிலை. வளர்ந்தவர்க்கு, அக்கிக்கு 800 மில்லிகிராம் நாளொன்றுக்கு ஐந்து முறையாக ஏழு நாள் வழங்குவது வழமை. வாய், மறைவிடப் புண்களுக்கோ அதன் காற்பங்கான 200 மில்லிகிராம் ஐந்து முறை போதும். உண்டதில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே குருதியிற் சேர்வதும், சேர்ந்தது விரைவில் வெளியேறுவதுமே இத்தனை முறைக்குக் காரணம். 1995இல் வந்த வலசைக்ளோவிர் மேலும் நன்கு உறிஞ்சப்படுவதால் முறைகள் குறைந்தன. மூளையை நோய் தாக்கின் குளிசை உதவாது. வைத்தியசாலையில் நாளத்தினூடாகவே மருந்து ஏற்றுவர்.

மூன்றாவது, நோயாளியின் நிலை. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. நீர் குறையின் பளிங்காகப் படிந்து அதனை அடைக்கலாம். வயலிலும் வாவியிலும் வெயிலில் உழைப்போர் போதிய நீர் அருந்துதல் இன்றியமையாதது. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கும் முதியோர்க்கும் அளவைக் குறைத்தே கொடுப்பர். குறையாவிடின் மருந்து தேங்கி, மயக்கம், தடுமாற்றம், பொய்த்தோற்றம் ஆகியவற்றை விளைவிக்கும். அவற்றைப் பேய்க்கோளாறென்று கொள்ளல் பேதைமை. காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் 1990கள் முதல் வடமத்திய மாகாணத்தை வாட்டிவரும் இந்நாட்டில், தந்தைக்குத் தந்த குளிசையை மகன் உண்பதும், எஞ்சியதை அயலார்க்கு ஈவதும் கொடையாகா. கருவுற்றோரும் பிற மருந்து உண்போரும் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறல் வேண்டும்.

1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை வணிகப் பெயராலன்றி இயற்பெயரால் வழங்குக என்றார். பல வணிகப் பெயர்களின் கீழ் ஒரே மருந்து விற்கப்படும்போது, இரண்டெனக் கருதி இருமடங்கு உண்ணும் இடர் நேரும். உறையில் இயற்பெயரைத் தேடிப் படிப்பது அவ்விடரைத் தவிர்க்கும்.

அக்கியை வேரறுக்கும் மருந்து இன்னும் தோன்றவில்லை. தோன்றியிருப்பது நோயை அடக்கும் மருந்தே. அதுவும் பகையையும் உறவையும் பகுத்தறியும் பண்பினாலேயே மருந்தாயிற்று. உண்பாரும் வேளையும் அளவும் பகுத்தறிந்து உண்ணின், நாற்பதாண்டுக்கு மேற்பட்ட இவ்வறிவின் பயனை நம்மூர் மக்களும் குறைவின்றி எய்துவர்.