புள்ளலூரில் தோற்றவர் யார்?

இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் திருப்புட்குழி என்கிறது தலபுராணம். ஊர்ப்பெயரிலேயே புள் இருக்கிறது. புராணத்திடம் நாம் சான்று கேட்பதில்லை. அதே காஞ்சி வட்டாரத்துப் புள்ளலூருக்கு வந்தால் கேட்டாக வேண்டும்.

கி.பி. 634ஆம் ஆண்டின் ஐகொளெ கல்வெட்டு, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கவைத்தவன் என்று இரண்டாம் புலிகேசியைப் புகழ்கிறது. நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுந்த காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்கிறது. பகைவரின் பெயர் அதில் இல்லை. அது புலிகேசியே என்பது ஆய்வாளர் பலரின் ஊகம். ஊகத்தை ஊகமென்றே சொல்வது ஆய்வுக் கட்டுரையின் அறம்.

கல்கிக்கு அந்தத் தளை இல்லை. 1944-46இல் தொடராக வந்த 'சிவகாமியின் சபத'த்தில் பரஞ்சோதி வரலாற்று மனிதர், சிவகாமி கற்பனை. இருவரும் ஒரே உயிர்ப்புடன் நடமாடுவது நாவலின் வெற்றி.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது புனைவல்லாத இலக்கியம். ஐகொளெ கல்வெட்டைப் பாடிய ரவிகீர்த்தி, காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான புகழ் பெற்றவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். நடந்த போரைக் கவிதையாக்கினான்; ஆனால் தன் அரசனுக்காக. இன்று அவ்வகையில் எழுதுபவர் காட்சியை விரிக்கலாம், நடையில் அழகு சேர்க்கலாம். செப்பேடு சொல்லாத பெயரை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

சிவகாமிக்காக நாம் சிந்திய கண்ணீரில் பொய்யில்லை. அந்தக் கண்ணீரையே சான்றாகக் கொள்ளும்போதுதான், புள்ளலூரில் தோற்றவர் யார் என்ற கேள்வியை மறந்துபோகிறோம்.