நரி வேட்டைப் படங்களும் பறக்கும் குதிரைகளும்

பழைய இங்கிலீஷ் நரி வேட்டை ஓவியங்களைப் பார்த்திருப்பீங்க. சிவப்புக் கோட்டுத் துரைமார்கள், வேலி தாண்டற குதிரைகள், முன்னாடி நாய்க்கூட்டம். நாய்களை விட்டு நரி வேட்டையாடறதை இங்கிலாந்துல 2005-ல தடை பண்ணிட்டாங்க, படங்கள் மட்டும் இன்னும் சுவர்கள்ல தொங்குது. அடுத்த தடவை பார்த்தா குதிரையோட கால்களை மட்டும் கவனிங்க. முன்னங்கால் ரெண்டும் முன்னால நீட்டி, பின்னங்கால் ரெண்டும் பின்னால நீட்டி, நாலும் அந்தரத்துல இருக்கும். குழந்தைங்க ஆடற மரக்குதிரை மாதிரி.

எந்தக் குதிரையும் அப்படி ஓடாதுங்க!

இந்த வகைப் படங்களுக்குப் பேர் போனவர் ஹென்றி ஆல்கன் (1785-1851). அவர் படங்களை அச்சடிச்சு, வண்ணம் தீட்டி வித்தாங்க. அதை ரசிச்சவங்க குதிரை மேலயே வாழ்ந்த ஆளுங்க. அவங்க கண்ணையே இந்தக் கால்கள் உறுத்தலை.

ஆல்கனை விடுங்க, ஜார்ஜ் ஸ்டப்ஸைப் பாருங்க. செத்த குதிரைகளை மாசக்கணக்குல அறுத்து, தசை, எலும்புன்னு அடுக்கடுக்கா வரைஞ்சு, 1766-ல புத்தகமே போட்டவர். அவர் 1791-ல வரைஞ்ச 'பேரனெட்'ங்கிற பந்தயக் குதிரையும் இதே போஸ்லதான் பறக்குது. செத்த குதிரை அசையாம கிடந்துச்சு. ஓடற குதிரை கண்ணுக்குச் சிக்கலை. அவ்ளோதான்.

1878 ஜூன் மாசம் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், கேமராக்களை வரிசையா வெச்சு ஓடற குதிரையைப் படம் பிடிச்சார். நாலு காலும் தரையை விட்டு எழும்பற நேரம் நிஜமாவே உண்டு. ஆனா அப்போ கால்கள் நீண்டு இருக்காது, வயித்துக்கு அடியில மடங்கி இருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. கிரேஹவுண்ட் மாதிரி வேகமான நாய்கள் நிஜமாவே காலை நீட்டிப் பறக்கும். நாயோட ஓட்டத்தைத்தான் ஓவியர்கள் குதிரைக்கும் கொடுத்துட்டாங்கன்னு விலங்கியல் அறிஞர் ரே லாங்கெஸ்டர் பின்னாடி எழுதினார்.

அடுத்த தலைமுறையோட பெரிய வேட்டை ஓவியர்கள் லயனல் எட்வர்ட்ஸ், ஆல்ஃபிரட் மன்னிங்ஸ். ரெண்டு பேரும் பிறந்தது அதே 1878! இவங்க காலத்துல மரக்குதிரைக் கால் மெல்ல வழக்கொழிஞ்சு போச்சு.

ஆனா பிரெஞ்சு சிற்பி ரோதான் இதை ஒத்துக்கலை. காலம் நிக்காது, அதை நிறுத்திக் காட்டற போட்டோதான் பொய், ஓவியர் சொல்றதுதான் உண்மைன்னு வாதாடினார். என் ஓட்டும் அவருக்குத்தான். மைபிரிட்ஜ் குதிரை சரியான கால்களோட அந்தரத்துல உறைஞ்சு நிக்குது. ஆல்கன் குதிரை தப்பான கால்களோட ஓடுது. நீங்க என்ன சொல்றீங்க?