மாதவிடாய் நிற்கும் வயசும் மனசும்: ஒரு குட்டி வரலாறு

1/ மாதவிடாய் நிற்கும் வயசுல காரணமே இல்லாம அழுகை, எரிச்சல் வருதா? "பைத்தியமா உனக்கு?"ன்னு வீட்டில் கேட்கிறார்களா? மருத்துவமும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசியது.

2/ 1821-ல் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் 'மெனோபாஸ்' என்று பெயர் வைத்தார். பின்னாளில் நடுவயது மனச்சோர்வுக்கு 'இன்வொலூஷனல் மெலன்கோலியா' என்று தனி நோய்ப்பெயரே வந்தது. பெண்கள்னா, பழி மெனோபாஸ் மேல்.

3/ 1969-ல் பாஸ்டனில் சில பெண்கள் கூடி, தங்கள் உடம்பைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' புத்தகமாச்சு.

4/ 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டிலிருந்து அந்த நோய்ப்பெயர் நீக்கப்பட்டது. ஆனா உங்க வேதனை பொய்யில்லை. ஹார்மோன் ஏற்ற இறக்கமும் தூக்கமின்மையும் மனசை உலுக்கும்.

5/ அதனால தனியா அழாதீங்க. அக்காகிட்ட, தோழிகிட்ட பேசுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல சோர்வு நீடிச்சா டாக்டரைப் பாருங்க.