பிடித்தலும் கடத்தலும்: கொல்லிப்பாவை மரபின் வழி ஒரு மறுபார்வை

வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டதாகக் கூறுவோரின் அனுபவத்தை உளவியலும் பண்பாட்டியலும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு விளக்கிவருகின்றன. உடலுக்கு நேர்ந்ததை முன்னது சொல்கிறது, கண்ட உருவம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னது சொல்கிறது. இந்தப் பங்கீட்டில், 'உனக்கு நேர்ந்தது இன்னதுதான்' என்று குறி சொல்பவரின் இடம் விடுபட்டுப்போகிறது என்பதும், அவ்விடத்தைக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் முன்பே கண்டுகொண்டன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உளவியலார் முதலில் சுட்டுவது உறக்க முடக்கம். கனவுறக்கத்தின்போது தசைகள் இயல்பாகவே தளர்ந்து செயலற்றிருக்கும். விழிப்பு வந்த பின்னும் அந்நிலை சிறிதுநேரம் நீடித்தால், கண் திறந்தும் அசைய முடியாமல் கிடப்பவர் மார்பின்மேல் பாரத்தையும் அருகில் யாரோ நிற்பதையும் உணர்வார். தமிழகத்தில் இது அமுக்குவான் பேய். நியூஃபவுண்ட்லாந்து மக்களிடம் இதுவே கிழவியின் வேலை என்பதை டேவிட் ஹஃபோர்ட் 1982இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஹார்வர்ட் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நலியும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கடத்தப்பட்டதாக நம்புவோர் தம் நினைவுகளை ஒலிப்பதிவில் கேட்கையில், மெய்யான கொடுமைகளால் மனவடு அடைந்தோருக்கு நிகராக அவர்களுடைய உடலும் பதறியது. ஆகவே பதற்றம் பொய்யன்று. ஆனால் அது கதைக்குச் சாட்சியாகவும் ஆகாது.

எனினும், அமுக்குவான் பேய் அமுக்கிய மறுநாள் திருநீறு பூசிக்கொண்டு வயலுக்குப் போகிறவர் எவரும் அதை ஒரு வாழ்க்கை வரலாறாக வளர்ப்பதில்லை. வளர்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். 1961 செப்டம்பர் 19 இரவு நியூ ஹாம்ப்ஷயர் சாலையில் காரோட்டிச் சென்ற பெட்டி, பார்னி ஹில் தம்பதியர் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் கண்டது வானில் ஓர் ஒளி. அதன்பின் பெட்டியைக் கொடுங்கனவுகள் தொடர்ந்தன. 1964இல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்திக் கேட்டபோதுதான் கடத்தல் முழுக்கதையாக வெளிப்பட்டது. அக்கதைக்கு மூலம் பெட்டியின் கனவுகளே என்று சைமன் கருதினார். உலகம் மருத்துவரின் கருத்தை விட்டுவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டது.

கொல்லிமலையில் ஆளை ஈர்க்க விண்கலம் வரவேண்டிய தேவையே இருந்ததில்லை. குறுந்தொகையின் 89ஆம் பாடல் அம்மலையை அச்சம் முதிர்ந்ததாகச் சொல்லி, அங்குள்ள பாவையைத் தெய்வம் தீட்டியது என்கிறது. நற்றிணை 192 அதைப் பூதம் செய்தது என்கிறது. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அவ்வுருவின் அழகு கெடாது என்கிறது நற்றிணை 201. தலைவிக்கு உவமையாக நின்ற இப்பாவை, பிற்கால வழக்கில் தன் சிரிப்பால் ஆளை மயக்கிக் கொல்வதாயிற்று. பாவை யாரையும் எங்கும் கொண்டுசெல்வதில்லை. காண்பவன்தான் தன் நிலை இழக்கிறான்.

இவ்வேறுபாடு தமிழின் வினைச்சொல்லிலேயே உள்ளது. பேய் கடத்துவதில்லை, பிடிக்கிறது. கடத்தப்பட்டவரின் உடல் வேறிடம் போய்த் திரும்புகிறது. பிடிக்கப்பட்டவரின் உடலோ இருந்த இடத்திலேயே இருக்க, வேறொன்று அதனுள் வந்து தங்குகிறது. தங்கியதை வெளியேற்றவும் முடியும். செஞ்சிப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபக்கோவ் காட்டுவதுபோல், பேய் தன் பெயரைச் சொல்ல வைக்கப்படுகிறது. பிறகு பிடிக்கப்பட்டவரின் தலையிலிருந்து ஒரு மயிர்க்கற்றை அறுக்கப்பட்டுப் புளியமரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. கதை அந்த ஆணியோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கக் கதைக்கு அப்படியோர் ஆணி இல்லை. கடத்தப்பட்டவர் என்பது அங்கே நிலையான அடையாளமாகிவிடுகிறது.

இதனால் தமிழ் மரபைத் தெளிவின் இருப்பிடமாகக் கொண்டாடிவிடவும் கூடாது, ஏனெனில் பேயோட்டுதலில் அடிபட்ட பெண்கள் பலர். சங்கப் புலவர்கள் இதன் மறுபக்கத்தையும் அறிந்திருந்தனர். காதலால் மெலிந்த மகளைக் கண்டு கலங்கும் தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களைப் பரப்பிப் பார்த்து, இது முருகனால் வந்தது என்கிறான். வெறியாட்டுக் களத்தில் மறி அறுபடுகிறது. மெலிவு உண்மை, காரணம் தவறு. அத்தவறு அவளுக்கு வசதியாகவும் இருக்கக்கூடும், அவள் உயிரையே வாட்டவும் கூடும். ஹிப்னாடிச நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்தவரின் இடத்தில்தான் வேலனும் நிற்கிறான், ஆனால் இக்களத்தில் உண்மையறிந்த தோழியும் உடனிருக்கிறாள். நற்றிணை 34இல் அவள் வேலனை விட்டுவிட்டு முருகனிடமே பேசுகிறாள்: இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நின்ற அவன், கடவுளே ஆனாலும் அறிவற்றவன்தான் என்பது அவள் முடிவு.